அம்மாவின் ஒன்றேகால் ஏக்கர்: மழை பொய்த்தால் யாரிடம் போய் நிற்பது?

கேள்வி: கடலாடிப் பொண்ணு

வணக்கம். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறேன். சொந்த ஊர் இராமநாதபுரம் மாவட்டம், கடலாடி தாலுகாவில் ஒரு கிராமம். அப்பா இறந்து ஆறு வருடமாகிறது. அம்மா மட்டும் ஊரில் இருக்கிறார். கண்மாய் (ஏரி) பாசனத்தில் ஒன்றேகால் ஏக்கர், மேட்டில் அரை ஏக்கர் புஞ்சை, நான்கு வெள்ளாடு. சொத்து இவ்வளவுதான்.

எங்கள் பக்கம் வெள்ளாமைக்கு ஒரு கணக்கு இருந்தது. ஆவணிக் கடைசியில் புழுதி விதைப்பு, புரட்டாசியில் முளைப்பு, ஐப்பசி கார்த்திகையில் கண்மாய் பெருகும், தையில் அறுப்பு. அந்தக் கணக்கெல்லாம் இப்போது செல்லுபடியாவதில்லை. போன வருடம் புரட்டாசியில் ஒரு தூறல் போட்டு முளைக்க வைத்துவிட்டு, அப்புறம் இருபத்தைந்து நாள் மழையே இல்லை. முளைத்ததெல்லாம் கருகியது. அம்மா கம்மலை அடகு வைத்து மறுபடி விதை வாங்கினார். கார்த்திகையில் மூன்றே நாளில் கொட்டித் தீர்த்தது. கண்மாயில் தண்ணீர் ஏறியது, ஆனால் மடையை அடைக்கிற பலகை உளுத்துப்போனதால் பாதி வீணாக வெளியே போய்விட்டது. பால் பிடிக்கும் நேரத்தில் ஒரு தண்ணி கிடைத்திருந்தால் பயிர் தப்பியிருக்கும். கிடைக்கவில்லை. பாதிக்கு மேல் சாவி, மணியில்லாத பதர். கடைசியில் நாலு மூட்டை வந்தது.

அம்மா போய்க் கேட்காத இடமில்லை. ஊராட்சியில் கேட்டால் வேளாண்மை அலுவலகம் என்றார்கள், அங்கே போனால் கூட்டுறவுச் சங்கம் என்றார்கள், சங்கத்தில் "பட்டா உங்க பேர்ல இல்லையே ஆத்தா" என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கு நாலு நாள் லீவு கிடைத்திருக்கிறது. அந்த நாலு நாளில் எதை முதலில் செய்வது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "நிலத்தை விற்றுவிட்டு அம்மாவைத் திருப்பூருக்குக் கூட்டிப் போ" என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். அம்மாவிடம் சொல்லி ஏற்கெனவே வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பதில்: பழைய செயலாளர்

தாயி, நான் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றில் இருபத்தெட்டு வருடம் இருந்து, செயலாளராக ஓய்வு பெற்றவன். எந்தச் சங்கம் என்று கேட்காதே. சொந்தக் கதை ஒன்று சொல்கிறேன். உனக்குப் பதில் அதற்குள்ளேயே இருக்கிறது.

2016 உனக்கு நினைவிருக்கும். வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் சராசரியாக 440 மில்லிமீட்டர் பெய்ய வேண்டும். அந்த வருடம் 168தான். 2017 ஜனவரியில் எல்லா மாவட்டத்தையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் வந்த முதல் வருடமும் அதுதான். அப்போது விதி என்னவென்றால், சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கியவர்களுக்குக் காப்பீடு கட்டாயம். பிரிமியத்தைக் கடனிலேயே பிடித்துவிடுவோம். பாதிப் பேருக்குத் தாங்கள் காப்பீடு செய்திருப்பதே தெரியாது. கடன் வாங்காதவர்கள் தாங்களாக வந்து பதிய வேண்டும். அவர்களில் வந்தவர்கள் கொஞ்சம் பேர்.

பணம் வந்தபோது பார்க்க வேண்டுமே. கடன்காரனுக்குக் கிடைத்தது, கடனே வேண்டாம் என்று கௌரவமாக இருந்தவனுக்கு ஒன்றுமில்லை. டீக்கடையில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அந்த ஐப்பசியில் ஒரு அம்மா பதிவு செய்ய வந்து என் மேஜை முன்னால் நின்றார். வீட்டுக்காரர் இறந்து மூன்று வருடம். அந்த வருவாய் ஆண்டுக்கான, அதாவது பசலி 1426க்கான பயிர்ப் பதிவேட்டில், அடங்கலில், இறந்தவர் பெயரே ஓடிக்கொண்டிருந்தது. நான்தான் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தேன். விதிப்படி சரி. ஆனால் அடுத்த வயல்காரருக்குப் பணம் வந்தது. இரண்டு வயலுக்கும் நடுவில் ஒரு வரப்புதான். ஒரே மழை பொய்த்தது, ஒரே மாதிரிதான் காய்ந்தது. "பேரை மாத்துறதுக்கு என்னம்மா செய்யணும்" என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் எனக்கு ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

அதனால் சொல்கிறேன். நாலு நாளில் முதல் நாளை மடைக்கும் செலவழிக்காதே, மனுவுக்கும் செலவழிக்காதே. பெயருக்குச் செலவழி. சிட்டா யாருடைய பெயரில் இருக்கிறது என்று பார். அப்பா பெயரென்றால் வாரிசுச் சான்று வாங்கிப் பட்டா மாறுதலுக்குப் போடு. தாத்தா பெயரில் கூட்டுப் பட்டாவாக இருந்தால் பெரியப்பா, சித்தப்பா கையெழுத்து வேண்டியிருக்கும், அது இழுக்கும். அதுவரைக்கும் சும்மா இருக்க வேண்டாம். சிட்டா சொல்வது நிலம் யாருடையது என்று. அடங்கல் சொல்வது இந்தப் பசலியில் யார் என்ன பயிர் செய்கிறார் என்று. இரண்டும் வேறு வேறு. விதைத்த கையோடு கிராம நிர்வாக அலுவலரிடம் போய், சாகுபடி செய்வது அம்மாதான் என்று அடங்கலில் ஏற்றச் சொல். அவர் தயங்கினால் பக்கத்து வயல்காரர் இரண்டு பேரைக் கூட்டிப் போ.

அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் கைக்கு வந்ததும் காப்பீடு. சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். முப்பதாயிரத்துக்குப் பதிவு என்றால் 450 ரூபாய். மிளகாய் போட்டால் 5 சதவீதம். கடைசித் தேதி பெரும்பாலும் நவம்பர் நடுவில் வரும். அந்த வாரம் பொது சேவை மையத்தில் கூட்டம் தாங்காது, சர்வரும் படுத்துவிடும். ஐப்பசி பிறக்கும் முன்னே முடித்துவிடு. 2020லிருந்து கடன் வாங்கியவர்களுக்கும் கட்டாயமில்லை என்று ஆக்கிவிட்டார்கள். அதாவது, தெரியாமலே தப்பித்த அந்தப் பாதிப் பேரும் இப்போது கேட்டுப் பதிந்தால்தான் உண்டு.

இன்னொன்றையும் தெரிந்துகொள். அம்மாவின் வயல் காய்ந்ததா என்று யாரும் வந்து பார்க்க மாட்டார்கள். கிராமத்தில் சில வயல்களைப் பொறுக்கி, ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் அளந்து, அறுத்து எடை போடுவார்கள். அந்தச் சராசரி, நிர்ணயித்த அளவுக்குக் கீழே போனால்தான் பணம், அதுவும் கிராமம் முழுவதற்கும் ஒரே கணக்கில். தலைமடை விளைந்து கடைமடை காய்ந்தால் கடைமடைக்காரன் பாடு திண்டாட்டம். நீ சொன்ன உளுத்த பலகைக்கும் காப்பீட்டுக்கும் அப்படி ஒரு சம்பந்தம் உண்டு.

சங்கத்தில் அம்மாவை உறுப்பினராக்கு. தவணை தேதிக்குள் கட்டினால் பயிர்க்கடனுக்கு வட்டி கிடையாது. கம்மலை எங்கே வைத்தார், என்ன வட்டி என்று நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பதில்: நீர்பாய்ச்சி பேரன்

தங்கச்சி, நான் சிவகங்கைப் பக்கம். செயலாளர் ஐயா சொன்னது காகிதம். நான் கண்மாயைப் பற்றிச் சொல்கிறேன், எனக்குத் தெரிந்தது அதுதான்.

எங்கள் தாத்தா நீர்பாய்ச்சி. மடை திறப்பது, அடைப்பது, எந்த வயலுக்கு எத்தனை நாழி என்பது அவர் பொறுப்பு. கூலி பணமாக இல்லை, களத்தில் நெல்லாக அளப்பார்கள். அவருக்குச் சொந்த வயல் கிடையாது, அதனால்தான் அந்த வேலை அவருக்கு. தன் வயலுக்குத் திருப்பிவிட்டார் என்று யாரும் சொல்ல முடியாது பாருங்கள்.

கண்மாய் அரைகுறையாகப் பெருகின வருடத்தில் ஊர் கூடும். தாத்தா கம்பை வைத்து ஆழம் பார்த்துவிட்டு, "இத்தனை ஏக்கருக்குத்தான் தாங்கும்" என்பார். மீதி நிலத்தைத் தரிசாக விடுவார்கள். ஆனால் தரிசு விட்டவன் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. மடைக்குப் பக்கத்து நிலத்தையே அந்த ஒரு வருடத்துக்கு எல்லாப் புள்ளிக்கும், அதாவது பங்குள்ள எல்லாக் குடும்பத்துக்கும், பிரித்துக் கொடுப்பார்கள். நிலம் யாருடையதாக இருந்தாலும் சரி. ஆளுக்கு இருபது சென்ட், இருபத்தைந்து சென்ட். கஞ்சிக்கு நெல் வந்துவிடும். இதை நான் கண்ணால் பார்த்ததில்லை, அப்பா பார்த்திருக்கிறார். இப்போது அப்படிச் செய்ய எந்தப் பெரிய நிலக்காரரும் ஒத்துக்கொள்ள மாட்டார். மோட்டார் வந்ததும் மேல்மடைக்காரனுக்குக் கீழ்மடைக்காரன் தேவையில்லாமல் போய்விட்டான். தாத்தாவுக்குப் பிறகு நெல் அளப்பதும் நின்றது. நான் சென்னையில் டெலிவரி வேலை பார்க்கிறேன். மடையை இன்றைக்கு யார் முதலில் போகிறாரோ அவர் திறக்கிறார்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கண்மாயின் ஆயக்கட்டு, அதாவது அதில் பாயும் நிலம், எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத்துறை, குறைவென்றால் ஊராட்சி ஒன்றியம். இது தெரியாமல் ஊரே ஒரு வருடம் தவறான ஆபீசுக்கு மனுக் கொடுத்த கதை எங்களிடம் உண்டு. 2017இல் குடிமராமத்தை, அதாவது ஊர்க்காரர்களே நீர்நிலையைச் செப்பனிடும் பழைய முறையை, அரசு மறுபடி கொண்டுவந்தபோது பத்தில் ஒரு பங்கை ஆயக்கட்டுக்காரர்கள் பணமாகவோ உழைப்பாகவோ போட வேண்டும் என்று வைத்தார்கள். நல்ல யோசனைதான். எங்களுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் சங்கத்தின் பெயரில் வேலையை எடுத்து யாரோ ஒரு கான்ட்ராக்டர் ஜேசிபியை விட்டுக் கரையைச் சுரண்டிவிட்டுப் போனார். பத்துப் பங்கையும் அவரே "போட்டார்". இன்னொரு ஊரில் ஆட்களே நின்று மடையைக் கட்டினார்கள், அது இன்னும் ஒழுகவில்லை. பணம் இரண்டுக்கும் ஒரே இடத்திலிருந்துதான் வந்தது.

உளுத்த பலகைக்குத் திட்டம் எதற்கும் காத்திருக்காதீர்கள். மீன்பாசி, அதாவது கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமை, ஏலம் போன பணம் ஊர்ப் பொதுவில் இருக்கும். அந்த வரவு செலவைக் கேட்க அம்மாவுக்கு உரிமை உண்டு, ஆயக்கட்டில் நிலம் இருக்கிறதல்லவா. ஒரு தச்சருக்கு ஒரு நாள் வேலை அது.

வண்டல் அள்ளவும் கேட்டுப் பாருங்கள். விவசாயத்துக்கு இலவசம், நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர் வரை. 2024லிருந்து தாசில்தாரே அனுமதி கொடுக்கிறார். டிராக்டர் வாடகை மட்டும் நம் செலவு. மண் கொஞ்சம் ஈரம் பிடித்தாலே இருபத்தைந்து நாள் காய்ச்சலில் ஒரு வாரத்தைத் தள்ளலாம்.

விதையும் மாற்றிப் பார்க்கலாம். பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்தில் வறட்சி தாங்குவதற்கென்றே எடுத்த ரகம் அண்ணா (ஆர்) 4. நூறு, நூற்றைந்து நாளில் கருது முற்றிவிடும். உங்கள் தாலுகாவுக்குப் பக்கம்தானே.

பதில்: கணக்கு நோட்டு அக்கா

மகளிர் குழுவைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று வந்தேன். எங்கள் குழுவில் பன்னிரண்டு வருடமாக நான்தான் நோட்டு எழுதுகிறேன். அதனால் குழுவால் என்ன முடியும், என்ன முடியாது என்று ஒளிக்காமல் சொல்லலாம்.

ஒருத்தி வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் குழு தாங்கும். மற்ற பதினொரு பேர் கை கொடுப்பார்கள். மழை பொய்த்தால் பன்னிரண்டு பேருக்கும் ஒரே மாதத்தில் கை வறண்டுவிடும். அப்போது குழுச் சேமிப்பில் யார் யாருக்குக் கொடுப்பது? 2017 மாசியில் எங்கள் நோட்டில் வரவுப் பக்கம் முழுக்க வெள்ளையாக இருந்தது. வெளியிலிருந்து பணம் வந்ததால்தான் தப்பித்தோம். ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் கொஞ்சம் கடன், வங்கிக் கடன் கொஞ்சம். கூட்டமைப்போடு ஒழுங்காகக் கணக்கு வைத்திருந்த குழுக்களுக்குத்தான் அதுவும் கிடைத்தது. நோட்டு எழுதாத குழுக்கள் அந்த வருடத்தோடு கலைந்தன. அதனால் உன் அம்மா குழுவில் இல்லையென்றால் மழை நன்றாகப் பெய்கிற வருடத்திலேயே சேர்த்துவிடு. கஷ்டம் வந்த பிறகு புதிதாகச் சேர்ப்பவர்கள் குறைவு.

அப்புறம் கிராம சபை. வருடத்துக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நூறு நாள் வேலைக்கு என்னென்ன வேலை எடுப்பது என்பது அங்கே பதிவாக வேண்டும். எங்கள் ஊரில் வேலைக்கு வருவது பத்தில் எட்டுப் பேர் பெண்கள். எதை வெட்டுவது என்று முடிவு செய்வது மட்டும் நாலு ஆண்கள். வருடா வருடம் அதே ரோட்டோரத்தில் புல் செதுக்கினோம். ஒரு அக்டோபர் 2ஆம் தேதி குழுவிலிருந்து ஒன்பது பேர் போய், கண்மாய்க்குத் தண்ணி வர்ற வரத்துக்காலை வெட்டணும், எழுதுங்க என்று சொன்னோம். "கம்மாய் வெவகாரத்துல பொம்பளைகளுக்கு என்ன பேச்சு" என்று ஒருத்தர் கேட்டார். "மண்ணு சுமக்குறது நாங்கதானே, எங்க சுமக்குறதுன்னு நாங்க சொல்லக் கூடாதா" என்று எங்கள் குழுவில் வயதில் மூத்த ஆத்தா கேட்டார். எழுதினார்கள். அந்த வருடம் எழுதியது நடக்கவில்லை, மறு வருடம் நடந்தது. கருவேலமுள் அடைத்திருந்த காலில் அறுநூறு எழுநூறு அடி வெட்டினோம். கண்மாய் நிறைந்ததா என்று கேட்காதே, அதற்கு மேலும் இரண்டு இடத்தில் அடைப்பு இருக்கிறது.

சிறு குறு விவசாயி நிலத்தில் பண்ணைக்குட்டையும் இதிலேயே வெட்டித் தரலாம். உன் அம்மா அந்த அரை ஏக்கர் புஞ்சையில் ஒரு மூலையைக் கொடுப்பாரா என்று பார். கடலாடிப் பக்கம் நிலத்தடி நீர் பல இடத்தில் உப்பு. ஆட்டுக்குக் குடிக்கவாவது மழைத் தண்ணீர் நிற்கும்.

பதில்: கரிமூட்டம்

எல்லாரும் பட்டா, அடங்கல், ஆயக்கட்டு என்றே பேசுகிறீர்கள். எங்கள் தெருவில் அறுபது வீடு. ஒரு வீட்டுக்கும் சொந்த நிலம் கிடையாது. வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, உழுவோம், எழுத்துக் கிடையாது, வாய்ப் பேச்சுதான். குத்தகைதாரர் பதிவுக்கு 1969லேயே சட்டம் இருக்கிறதாம். பதியச் சொல்லிக் கேட்டால் அடுத்த வருடம் நிலம் வேறு ஆளுக்குப் போய்விடும். பயிர் 33 சதவீதத்துக்கு மேல் சேதமானால் ஹெக்டேருக்கு இவ்வளவு என்று அரசு நிவாரணம் கொடுக்கும். அது நிலக்காரர் கணக்கில் ஏறுகிறது. விதை, உரம் எங்கள் காசு. ஒரே ஒருத்தர் மட்டும் பாதியைக் கொண்டுவந்து எங்கள் மாமாவிடம் கொடுத்தார். அவரைப் பற்றி ஊரில் இன்னும் பேசுவார்கள், அவ்வளவு அபூர்வம்.

மழை இல்லாத வருடம் எங்களைக் காப்பாற்றுவது இரண்டுதான். ஒன்று ரேஷன் அரிசி. இன்னொன்று சீமைக்கருவேலம். அதை வெட்டி, மூட்டம் போட்டு, கரியாக்கி விற்போம். அந்த மரம் நீரை உறிஞ்சுகிறது, அழிக்கணும் என்று கூட்டம் போடுகிறீர்களே, அழித்த பிறகு வறட்சியில் நாங்கள் எதை எரிப்பது என்று எந்தக் கூட்டத்திலும் கேட்டதில்லை. கண்மாய்க்குள் மரத்தை ஏலம் விடும்போதும் பெரிய கையாக எடுக்கிறார்கள், நாங்கள் கூலிக்கு வெட்டுகிறோம்.

கேள்வி கேட்ட தங்கச்சி மேல் கோபமில்லை. உங்களுக்காவது ஒன்றேகால் ஏக்கர் இருக்கிறது, அதைப் பதிந்துவிடுங்கள்.

பதில்: பழைய செயலாளர்

கரிமூட்டம் தம்பி சொல்வது உண்மை. வாரக்காரர் யாருக்கும் என் கையால் பயிர்க்கடன் கொடுத்ததில்லை. கொடுக்க வழியில்லை என்று அப்போதெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். நிலக்காரர் எழுதிக் கொடுத்து, கிராம நிர்வாக அலுவலர் சான்று தந்தால் குத்தகைதாரரும் காப்பீட்டில் பதியலாம், விதி இருக்கிறது. எழுதிக் கொடுக்கிற நிலக்காரரை இருபத்தெட்டு வருடத்தில் விரல் விட்டு எண்ணிவிடலாம். கணக்கு அக்கா, மரம் ஏலம் வரும்போது உங்கள் கூட்டமைப்பு பெயரில் எடுத்து, வெட்டுகிறவர்களையே பங்காளியாகச் சேர்க்க முடியுமா? கேட்டுப் பாருங்களேன்.

பதில்: கணக்கு நோட்டு அக்கா

வைப்புத்தொகை யார் கட்டுவது ஐயா? அடுத்த கூட்டத்தில் பேசிப் பார்க்கிறேன். உறுதி சொல்ல மாட்டேன்.

கேள்வி கேட்டவர்: கடலாடிப் பொண்ணு

எல்லோருக்கும் நன்றி. நாலு நாள் முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

செயலாளர் ஐயா பயந்தபடியே கூட்டுப் பட்டா, தாத்தா பெயரில். சித்தப்பா அன்றைக்கே கையெழுத்துப் போட்டார். பெரியப்பா தீபாவளிக்குப் பிறகு பேசலாம் என்கிறார், பேச என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. பக்கத்து வயல் மாமாவும் மதினியும் கூட வந்ததால் இந்தப் பசலி அடங்கலில் அம்மா பெயரை ஏற்றுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். விதைத்ததும் போட்டோவோடு வரச் சொன்னார்கள்.

கண்மாய் ஒன்றியத்தைச் சேர்ந்ததாம், எண்பது ஏக்கருக்கும் கீழே. மீன்பாசி ஏலக் கணக்கை அம்மாவே ஊர்க்கூட்டத்தில் கேட்டார். முதலில் யாரும் வாயைத் திறக்கவில்லை, அப்புறம் ஒவ்வொருவராக அதையே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். பதினோராயிரத்துச் சொச்சம் இருப்பு. பலகைக்குத் தச்சர் வந்து அளவெடுத்துப் போயிருக்கிறார்.

கரிமூட்டம் அண்ணே, எங்கள் வயலில் களையெடுப்பு, அறுப்பு எல்லாமே உங்களைப் போன்றவர்கள்தான். அதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. அம்மாவிடம் உங்கள் பதிலைப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, புஞ்சை மேட்டு முள்ளை இந்த வருடம் கீழத்தெருக்காரர்களையே வெட்டிக் கரி போட்டு எடுத்துக்கொள்ளச் சொல்வதாகச் சொன்னார். அரை ஏக்கர் முள்ளுதான், எத்தனை மூட்டை தேறும் என்று தெரியவில்லை.

கம்மல் இன்னும் அடகில்தான் இருக்கிறது, ஐயா. வட்டியைச் சொன்னால் திட்டுவீர்கள்.